பந்திக் கூடத்து வில்

செட்டிநாட்டு வீடுகளைக் காண வருகிறவர்கள் பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களையும், பெல்ஜியத்துக் கண்ணாடிகளையும், ஆத்தங்குடித் தரைக்கற்களையும், சுண்ணாம்பும் முட்டையின் வெண்கருவும் சேர்த்து வழவழவென்று தேய்த்த சுவர்களையும் கண்டு வியந்து, படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த வீடுகளின் பிரதான விசேஷம் என்று நான் கருதுகிற அவற்றின் நீளமோ பெரும்பாலும் அவர்கள் கவனத்தில் படுவதில்லை. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக, திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, நிலைக்கதவுகளையெல்லாம் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, முகப்பில் நிற்பவன் கண்ணுக்குப் பின்தெருவில் போகிற மாட்டுவண்டி தெரியும்படி கட்டியவர்கள், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வந்து நிறையும் ஜனத்திரளை எண்ணித்தான் அப்படிக் கட்டினார்கள் என்பதில் சந்தேகமில்லை. அந்த நீளத்தை ஒரு வில்லாளியின் கண்ணோடு பார்க்கும் சந்தர்ப்பம், எழுபது வயதுக்குப் பிறகு, என் மகள் வயிற்றுப் பேத்தியின் மூலமாக எனக்கு வாய்த்தது.

அதற்கு முன் எங்கள் வீட்டுக்குள் வில் என்னும் வஸ்து நுழைந்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் காரைக்குடியில் வருஷத்துக்கு இரண்டு தடவை பிள்ளைகளுக்கு வில் ஜுரம் வரும். முதலாவது பங்குனியில். சா. கணேசன் அவர்கள் 1939-ஆம் ஆண்டு நிறுவிய கம்பன் கழகத்தின் திருவிழா, மகம், பூரம், உத்திரம் ஆகிய நட்சத்திரங்களில் எங்கள் ஊரிலும், அத்தத்தன்று கம்பர் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டையிலுமாக நடைபெறும்போது, பெரியவர்களோடு போய் உட்காரும் எங்களுக்கு வித்வான்களின் வாதப் பிரதிவாதங்களில் ஒன்றும் விளங்காவிட்டாலும், மிதிலையில் வில் முறிகிற கட்டம் வந்ததும் தூக்கம் கலைந்துவிடும்; மறுநாள் காலையில் தெருவிலுள்ள பழைய குடைகளுக்கெல்லாம் ஆபத்துக் காலம் பிறந்துவிடும்.

இரண்டாவது ஜுரம் விஜயதசமியில் வரும். எங்கள் பக்கத்தில் மகர்நோன்பு என்று வழங்குகிற அந்தத் தினத்தின் மாலையில், சுவாமி குதிரை வாகனத்தில் மகர்நோன்புப் பொட்டலுக்கு எழுந்தருள, சுவாமியின் சார்பில் குருக்கள் அம்பு விடுவார். அது போய் விழுகிற திக்கை நோக்கிப் பிள்ளைகள் கூட்டம் பாயும். இராமநாதபுரத்திலும் இதே பெயரில் ஒரு பொட்டல் உண்டு. அங்கே சேதுபதிகளின் அரண்மனையிலிருந்து இராஜராஜேசுவரி அம்மன் எழுந்தருளுவாள். வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஒரு நாழிகை நேரம், சில அம்புகள் பறப்பதற்காக ஊருக்குள் ஒரு வெற்று நிலத்தை ஒதுக்கி அதற்குப் பெயரும் வைத்த முன்னோர்களின் விவேகத்தைப் பின்னாளில், அம்புக்கு இடம் தேடி வீட்டுக்குள் கயிறும் கையுமாக அலைந்தபோதுதான் நான் பூரணமாக உணர்ந்தேன்.

குடைக்கம்பி வில் செய்கிற விதத்தை இக்காலத்துப் பிள்ளைகள் அறிய மாட்டார்கள். பினாங்கிலிருந்து வந்து, துணி கிழிந்து, பரணில் கிடக்கிற குடையின் கம்பிகளில் இரண்டு மூன்றைச் சேர்த்து நூலால் இறுகச் சுற்றி, இரு நுனிகளிலும் இயற்கையாகவே அமைந்திருக்கிற துளைகளில் சணல் கயிற்றைக் கோத்து வளைத்துக் கட்டினால் வில் ஆயிற்று. விளக்குமாற்றிலிருந்து உருவிய தென்னை ஈர்க்கின் முனையில் கருவேல முள்ளைச் செருகினால் அம்பு ஆயிற்று. மெத்தை, அதாவது மாடி, மேல் நின்று எங்களில் ஒருவன் விட்ட அத்தகைய அம்பு ஒன்று, தெருவைத் தாண்டி எதிர்வீட்டு மெத்தையில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சியின் முக்காட்டுச் சேலையில் போய்க் குத்தி நின்றது. எய்தவன் யார் என்பது எங்கள் பங்காளிகளுக்குள்ளே இன்றளவும் தீர்ப்பாகாத வழக்கு. எய்தவன் இருக்க அம்பை நோவது தகாது என்பது பழமொழிதான். ஆனால் எய்தவனைக் கண்டுபிடிக்க முடியாமற்போன என் அப்பத்தா அம்பைத்தான் நொந்தாள். அன்று சாயங்காலம் வளவில் வைத்து வீட்டிலுள்ள வில் அம்பு அத்தனையும் முறிக்கப்பட்டன. "இத்தனை உசுரு நடமாடுற வீட்ல வில்லு என்னத்துக்குடா?" என்று அவள் கேட்ட கேள்விக்கு எங்களில் ஒருவனிடமும் பதில் இல்லை. வளவைச் சுற்றியிருந்த அறைகளில் ஒவ்வொரு புள்ளியும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும், தனித்தனியே இருந்த காலம் அது. அடுப்புகள் தனித்தனியே எரிந்தன; குழந்தைகள் தவழாத பத்தி இல்லை.

எங்கள் சீமைக்கு உரிய ஆயுதம் வில் அன்று, வளரிதான் என்று சிவகங்கைக்காரர்கள் வாதிக்கக்கூடும், அது வாஸ்தவமே. பிறை வடிவில் வளைந்த அந்த எறிகருவியை வீசுகிற வித்தையைத் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருது என்று கர்னல் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயர் தம் நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார். அதே சின்ன மருதுவும் அவர் தமையனாரும் 1801-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அவ்வருஷம் டிசம்பர் மாதத்தில் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லிற்று. வீட்டுக்கு வீடு ஆயுதம் இருந்த ஒரு சீமையில், நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு குடைக்கம்பிதான் மிஞ்சியது என்று நான் சொன்னால், சரித்திரப் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு விசேஷத்துக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த என் மகளும் பேத்தியும், அம்மாதம் 25-ஆம் தேதி தேசமெங்கும் பொது முடக்கம் அமலுக்கு வந்ததனால் எங்களோடேயே தங்கும்படி ஆயிற்று. பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்புகளில் இருந்த பேத்தி, இரண்டொரு வருஷமாக வில்வித்தை அப்பியாசம் செய்துவந்தாள். ஊருக்கு வந்தாலும் அப்பியாசம் விட்டுப்போகக் கூடாது என்று வில்லையும் கொண்டுவந்திருந்தாள். சங்கீத வாத்தியம் ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்றே அந்தப் பையைக் கண்ட நான் நினைத்திருந்தேன். திறந்து காட்டினாள்: ரைசர் என்கிற உலோகக் கைப்பிடி ஒன்று, அதன் மேலும் கீழும் பொருத்துகிற லிம்ப் இரண்டு, நாண், கார்பன் அம்புகள், விரல்களைக் காக்கிற தோல் துண்டு, முன்கையில் கட்டிக்கொள்கிற காப்பு. நாணைப் பூரணமாக இழுத்து நிறுத்த 26 பவுண்டு பலம் வேண்டும் என்றாள். இழுத்துப் பார்க்கலாமா என்று நான் கை நீட்டியபோது, "இழுங்க ஐயா, ஆனா அம்பில்லாம வெறும் நாணை விட்ராதீங்க" என்று பதறினாள். அம்பு ஏற்க வேண்டிய விசை முழுவதும் லிம்புக்கே திரும்பி, அது பிளந்துபோகக்கூடும் என்பது காரணம். நாண் ஏற்றிய வில்லை வீணே தெறித்துப் பார்க்கிற புராண நாடகத்து ராஜாக்களை நினைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல நாணைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன்.

இடம் தேடுகிற பிரச்சினை அன்றைக்கே ஆரம்பமாயிற்று. தெருவைப் பற்றிப் பேச்சே இல்லை. போலீஸ்காரர்களும், பால்காரரும், காய்கறி வண்டியும் தவிர ஒருவரும் நடமாடாத தெருவானாலும் தெரு தெருதான். மெத்தை மேல் எய்யலாமே என்று என் மனைவி சொன்னதற்குப் பேத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். தவறிப்போன அம்பு சுவரில் முட்டி நின்றால் அம்புக்குத்தான் சேதம்; உயரத்திலிருந்து தவறிப்போன அம்போ இரண்டு தெருக்களைத் தாண்டி எங்கே இறங்கும் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. வீட்டில் வில் பழகுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குறியை அன்று, குறிக்குப் பின்னால் இருப்பதை என்று அவள் பயிற்சியாளர் போதித்திருந்தாராம். அடுத்தபடியாக, முகப்பிலிருந்து பின்வாசல் வரை போகிற அந்த நேர்கோட்டின் மீது என் கண் விழுந்தது. பட்டாலையில் நின்று எய்தால் அம்பு வளவைக் கடந்து, இரண்டாங்கட்டு நிலைக்குள் நுழைந்து, மூன்றாங்கட்டில் போய்க் குத்துமே என்று நான் மிகுந்த உற்சாகத்தோடு பிரஸ்தாபித்தேன். பேத்தி ஒரு கணம் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, வளவின் இருபுறமும் வரிசையாக இருக்கிற அறைக்கதவுகளைக் காட்டினாள். எந்தக் கதவு எப்போது திறந்து யார் வெளியே வருவார் என்பது எய்கிறவனுக்குத் தெரியாது. அவை பூட்டிக் கிடக்கிற அறைகள், சாவிகள் ஈப்போவிலும் பெங்களூரிலும் இருக்கின்றன என்று நான் சொல்லியும் அவள் இணங்கவில்லை.

கடைசியில் அகப்பட்டது பந்திக் கூடம். இரண்டாங்கட்டை ஒட்டி, கல்யாணக் காலங்களில் எதிரெதிராக இலை போட்டு ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கானவர்களை உட்கார வைக்கிற கூடம் அது. நெடுஞ்சுவர்களில் உயரத்தில் ஜன்னல்களைத் தவிர வேறு திறப்பில்லை. வாசல்கள் இரண்டே, இரண்டும் ஒரே கோடியில், தாழ்ப்பாள் பலமானவை. எதிர்க்கோடியில் வெறும் சுவர். கயிறு பிடித்து அளந்தபோது, கூடத்தின் உள்ளரங்கு நீளம் 18 மீட்டருக்குச் சற்று மிகுந்தது. அதைக் கேட்டதும் பேத்தி குதித்தாள். உள்ளரங்கப் போட்டிகளுக்குச் சர்வதேச அளவில் விதித்திருக்கிற தூரம் அதுவேயாம். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள காகிதக் குறியின் மத்தியில், பத்துப் புள்ளி பெறுகிற வட்டம் 4 சென்டிமீட்டர் அகலந்தான். ஒலிம்பிக்கில் இது போதாது, 70 மீட்டருக்கு எய்ய வேண்டும். அதற்குப் பொட்டல்தான் வேண்டும்.

அந்தக் கூடத்தில் நின்று நான் வேறொன்றை யோசித்தேன். அப்பத்தா முறித்த வில்லுக்கு இந்த வீட்டில் இடமில்லாமற் போனது, இடம் சிறியதாக இருந்ததனால் அன்று, ஆட்கள் இருந்ததனால். சாப்பிட வருகிறவர்கள் வராமற்போய், பாத்திரங்கள் கிடாரத்துக்குள் கிடாரமாக அடுக்கப்பட்டு, கூடம் வௌவாலுக்கு உரியதாகிவிட்ட பிறகு அம்புக்குத் தாராளமாக இடம் கிடைத்துவிட்டது. எங்கள் தெருவில் எத்தனையோ வீடுகளில் இன்று இதைவிட நீளமான கூடங்கள் காலியாகக் கிடக்கின்றன. வில்வித்தைச் சங்கத்தார் யாரேனும் விசாரித்தால், செட்டிநாடு முழுவதும் மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாத அப்பியாச சாலைகள் நூற்றுக்கணக்கில் உண்டு என்று நான் சர்ட்டிபிகேட் கொடுக்கத் தயார். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம்.

குறி தாங்குவதற்கு ரப்பர் நுரைப் பலகை வேண்டும் என்று பேத்தி சொன்னாள். ஊரடங்கில் அதை யார் விற்பார்? எங்கள் வயலைப் பார்க்கிற பெரியவர், நெல்லுக்குக் கோட்டை கட்டுகிறவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, வைக்கோலைப் பிரியாக முறுக்கி, முறுக்கு சுற்றுகிற மாதிரி நடுவிலிருந்து வெளியே சுற்றிக்கொண்டே போய், தடித்த கோணியூசியால் குறுக்கும் நெடுக்கும் தைத்து, ஒரு ஆள் மார்பளவு வட்டம் ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தார். உலகமெங்கும் நெடுங்காலமாக வில்லாளிகள் உபயோகித்த குறிப்பலகை இதுதான் என்று தன் தொலைபேசியில் படம் காட்டி அவரிடம் பேத்தி சொன்னபோது, அவர் அதை விசேஷமாக மதித்ததாகத் தெரியவில்லை. "வைக்கலு அம்ப மட்டும் இல்லத்தா, எலியவும் தாங்கும்" என்றார்.

வைக்கோல் வட்டத்துக்குப் பின்னால் சுவரைக் காப்பதற்கு என் மனைவி பெட்டகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது கல்யாணத்துப் பவானி ஜமக்காளம். அதை விறைப்பாக இழுத்து ஆணியடிக்க நான் முற்பட்டபோது பேத்தி தடுத்து, மேற்புறம் மட்டும் கயிற்றில் கோத்து, சுவருக்கு ஒரு முழம் முன்னால், கீழ்ப்புறம் தரையில் புரளும்படி தளர்த்தி விட்டாள். விறைத்த துணியை அம்பு கிழித்துக்கொண்டு போய்விடும். தளர்ந்து தொங்குகிற கனத்த துணியோ அம்போடு தானும் பின்வாங்கி, அதன் வேகத்தை உறிஞ்சி, கடைசியில் அம்பைத் தரையில் விட்டுவிடும். பார்த்தால் நம்ப முடியாது. பார்த்த பிறகுதான் நானும் நம்பினேன்.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகு அவள் 18 மீட்டரில் நின்று எய்வாள் என்று எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றம். வைக்கோலுக்கு நாலு எட்டுத் தூரத்தில் நின்று, காகிதக் குறியை எடுத்துவிட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு எய்தாள்; வாரக்கணக்கில் அப்படியே செய்தாள். குறி இருந்தால் மனம் அதன் பின்னால் ஓடிவிடும், தோளும் முதுகும் என்ன செய்கின்றன என்பது தெரியாமல் போய்விடும் என்று விளக்கம் சொன்னாள். ஜப்பானியர்கள் மாகிவாரா என்னும் வைக்கோல் உருளையின் முன் சுமார் இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று இவ்விதமே பழகுகிறார்கள் என்பதையும், 1920-களில் செண்டாய் நகரத்தில் தத்துவம் போதிக்கப் போன ஹெரிகல் என்னும் ஜெர்மானியரை அவருடைய வில்லாசான் நெடுங்காலம் அந்த வைக்கோலைத் தாண்டவே விடவில்லை என்பதையும் நான் வாலிபத்தில் படித்திருந்தேன். அப்போது அது ஞானிகளின் பிடிவாதமாகத் தோன்றிற்று. நகரத்துச் சின்ன வீடுகளில் வசிக்கிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான அப்பியாசம் வேறில்லை என்பது இப்போதுதான் புத்தியில் பட்டது. நாலு எட்டுத் தூரத்தில் குறி தப்புவதற்கு இடமில்லை. அண்டை வீட்டாருக்கு அபாயமும் இல்லை.

எனக்கு அவள் கொடுத்த உத்தியோகம் விசில் ஊதுவது. இரண்டு தடவை ஊதினால் வில்லாளி கோட்டுக்கு வரலாம். ஒரு தடவை ஊதினால் எய்யலாம். மூன்று தடவை ஊதினால் போய் அம்பு பொறுக்கலாம். கூடத்தில் நாங்கள் இரண்டே பேர், வாசல்கள் தாழிட்டிருக்கின்றன, விசில் எதற்கு என்று கேட்டேன். "பழக்கம் ஐயா" என்றாள். எங்கள் வீட்டுச் சமையல் நேரமும் நாளடைவில் இந்த விசிலுக்குக் கட்டுப்பட்டுவிட்டது. மூன்று விசில் கேட்ட பிறகே என் மனைவி கதவைத் தட்டுவாள்.

நாங்கள் சற்றும் எதிர்பாராத உபத்திரவம் சப்தம். வைக்கோலில் அம்பு இறங்குகிற ஓசை கனமானது. உயர்ந்த கூரையுள்ள கூடத்தில் அது எதிரொலித்து, ஜன்னல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போயிற்று. மத்தியானம் தோறும் என்ன இடிக்கிறீர்கள் என்று விசாரிக்க, முகக்கவசத்தோடு அடுத்த வீட்டுக்காரர் வந்தார். வில் என்று கேட்டதும் முகம் மலர்ந்து, "நம்ம மதுரை ஹுசைனி மாதிரியா?" என்றார். கராத்தேயும் வில்வித்தையுமாகத் தமிழ்நாட்டாருக்குப் பரிச்சயமாகி, 2025 மார்ச்சில் மறைந்த ஷிஹான் ஹுசைனியைத்தான் சொன்னார். சுற்றிப் பார்த்து, ஜமக்காளத்தைத் தொட்டுப் பார்த்து, திருப்தியடைந்து, தம் வீட்டுக் கைக்குழந்தை தூங்குகிற வேளையை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்பியாசம் அன்று முதல் காலை நேரத்துக்கு மாறிற்று.

குடைக்கம்பி வில்லின் கதையை அவளுக்கு ஒருநாள் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்; அவளோ லிம்பா ராமைத் தெரியுமா என்று கேட்டாள். ராஜஸ்தானத்துப் பழங்குடிக் கிராமத்தில் மூங்கில் வில்லால் குருவியும் கௌதாரியும் அடித்துக்கொண்டிருந்த பையன், விளையாட்டு ஆணையத்தாரின் கண்ணில் பட்டு, 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் தேசத்துக்காக எய்தானாம். ராஞ்சிப் பக்கத்துத் தீபிகா குமாரி மாங்காய்க்குக் கல்லெறிந்து குறி பழகினவளாம். எதிர்வீட்டு ஆச்சியின் சேலையில் தைத்த அம்புக்கு அக்காலத்தில் அப்படிப்பட்ட கண் ஒன்று அகப்பட்டிருந்தால் எங்கள் பங்காளிகளில் ஒருவன் ஒலிம்பிக்குக்கே போயிருப்பான் என்று நாங்கள் தீர்மானித்தோம். உலக வில்வித்தைச் சம்மேளனம் அவ்வருஷம் வீட்டிலிருந்தபடியே எய்கிற சர்வதேசப் போட்டி ஒன்றை நடத்தியபோது, முதல்தரமான வில்லாளிகள் தத்தம் வீட்டு வளாகத்தில் 18 மீட்டர் அளந்து எய்வதைத் தொலைபேசியில் இருவருமாகப் பார்த்தோம். யாருக்கும் எங்கள் கூடத்துக்கு நிகரான கூடம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நானும் எய்தேன். வயதுக்குத் தக்கபடி இலகுவான லிம்ப் பிற்பாடு தபாலில் வந்தது. நாணைத் தாடைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்துகிற அந்தச் சில கணங்களில், இழுப்பது கை அன்று, முதுகு என்பது தெரிந்துகொள்ளவே வெகுநாள் ஆயிற்று. விரல்கள் நாணை விட வேண்டியதில்லை, பிடிப்பதை நிறுத்தினால் போதும் என்றாள். அது இன்றும் எனக்குப் பத்தில் இரண்டு தடவைதான் கைகூடுகிறது. விட்ட அம்பை அவள் மந்த கதியில் படம் பிடித்துக் காட்டியபோது, நேராகப் பாய்கிறது என்று நான் எண்ணியிருந்த அம்பு இடமும் வலமுமாக வளைந்து நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போவதைக் கண்டு பிரமித்தேன். வளையாத அம்பு குறிக்குப் போகாதாம். வில்லின் பலத்துக்கு ஏற்ற நெகிழ்ச்சியுள்ள அம்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

வீடு ஐந்து புள்ளிக்குப் பொது. பந்திக் கூடத்தில் வில் பழகுகிற சங்கதி ஒருவர் வாய் ஒருவராக ஈப்போ வரை போய், அங்கிருக்கிற என் பெரியப்பா மகன், குடும்பத்தில் மூத்தவர், தொலைபேசியில் கூப்பிட்டு, வைக்கோலை யார் பங்கில் வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

"சுவர் உங்க பங்குலதான் அண்ணே வருது. நிக்கிறது எங்க பங்கு."

"அப்ப ஒங்க பங்குல கிளம்பி எம் பங்குல வந்து விழுகுதா? வாடகை வாங்காம விடமாட்டேன்" என்றார்.

விமானங்கள் மீண்டும் ஓடத் தொடங்கிய 2022-ஆம் ஆண்டின் ஆவணியில், அவர் பேரனுக்கு இந்த வீட்டிலேயே கல்யாணம் நிச்சயமாயிற்று. பூட்டிக் கிடந்த அறைகள் திறந்தன, வௌவால்கள் வெளியேறின, ஜமக்காளத்தைத் துவைத்து, அம்பு பட்ட இடங்களில் என் மனைவி தையல் போட்டாள். கல்லூரியில் சேர்ந்துவிட்ட பேத்தியும் வந்திருந்தாள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள், பந்திக் கூடத்தில் ஓரமாகச் சாய்த்திருந்த வைக்கோல் வட்டத்தைப் பார்த்துவிட்ட அண்ணன், வாடகைக்குப் பதிலாக ஓர் அம்பு விட்டுத்தான் தீருவேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். கூடத்தில் இருந்தவர்களையெல்லாம் எய்கிறவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, வாசலைத் தாழிட்டு, நான் விசில் ஊத, நாலு எட்டுத் தூரத்திலிருந்து அவர் விட்ட அம்பு வைக்கோலின் மேல் விளிம்பில் போய்க் குத்திற்று. எதிர்வீட்டு ஆச்சியின் சேலையில் குத்தியதும் இதே கைதான் என்று எனக்கு அப்போது ஒரு சந்தேகம் தட்டியது. கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் வெளியே கதவு இடிபட்டது. வாழையிலைக் கட்டுகளோடு சமையல்காரர்கள் நின்றார்கள். இடத்தைக் காலி செய்தால்தான் இராத்திரிப் பந்திக்கு இலை போட முடியும் என்றார்கள்.